இரண்டு நொடியில் இருளும் திரை: மானிட்டர் பேக்லைட் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 2008-ஆம் ஆண்டு வாங்கிய 19 அங்குல எல்.சி.டி. மானிட்டர். சுவிட்சைப் போட்டதும் படம் தெளிவாக வருகிறது. இரண்டு நொடிக்குள் திரை இருண்டுவிடுகிறது. பவர் விளக்கு மட்டும் பச்சையாகவே எரிகிறது. அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் மறுபடியும் அதே இரண்டு நொடிதான். கடையில் காட்டியபோது, பிரித்துக்கூடப் பார்க்காமல், "பேனல் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சால்டரிங் ஓரளவு பழக்கம் உண்டு. இதை வீட்டிலேயே சரிசெய்ய இயலுமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் இயலும். தங்கள் பேனல், அதாவது படத்தை உருவாக்கும் கண்ணாடித் திரை, நலமாக இருப்பதற்கு அந்த இரண்டு நொடிப் படமே சான்று. எல்.சி.டி. திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னாலிருந்து பேக்லைட் தரும் வெள்ளை ஒளியை ஒவ்வொரு புள்ளியிலும் கூட்டியும் குறைத்தும் வெளியே விடுவதே அதன் வேலை. அந்த ஒளி நின்றுபோனாலும் படம் திரையில் இருந்துகொண்டேதான் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. திரை இருண்டபின் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாகத் தெரிந்தால், கோளாறு பேக்லைட்டிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோதான் இருக்கிறது என்று உறுதிசெய்துகொள்ளலாம். எதுவுமே தெரியாவிட்டால், அல்லது பவர் விளக்கு ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிட்டால், சிக்னல் கேபிளையும் மெயின் போர்டையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்து பார்க்காமல் யார் பேனலைக் குறை சொன்னாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

இனி, அது ஏன் சரியாக இரண்டு நொடி என்பதைப் பார்ப்போம். பழுதைக் கண்டுபிடிக்கும் வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மானிட்டரில் பெரும்பாலும் எல்.இ.டி. இருக்காது, சி.சி.எஃப்.எல். எனப்படும், 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனே உள்ள கண்ணாடிக் குழல்கள் இருக்கும். இவை வீட்டு டியூப்லைட்டின் இனத்தைச் சேர்ந்தவை. ஆனால் முனைகளில் சூடாகும் இழை கிடையாது. அதனால் இவற்றைப் பற்றவைக்க 1,000 வோல்ட்டுக்கு மேலும், பற்றியபின் எரியவைக்க ஏறத்தாழ 600 முதல் 800 வோல்ட்டும், அதுவும் 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் தேவைப்படுகிறது. இதை உண்டாக்குவது, மானிட்டருக்குள்ளேயே இருக்கும் இன்வெர்ட்டர் என்னும் சுற்று. அதன் கட்டுப்பாட்டு ஐ.சி., குழல்களில் ஓடும் மின்னோட்டத்தை ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும். ஒரு குழலில் சில மில்லி ஆம்பியர் அளவே ஓடும். நான்கு குழல்களில் ஒன்றில் அது வரவில்லை என்றாலும், உயர் மின்னழுத்தம் எங்கோ வேறு வழியில் பாயக்கூடும் என்று கொண்டு ஐ.சி. நான்கையும் அணைத்துவிடும். குளிர்ந்த குழல் பற்றிக்கொள்வதற்குச் சற்று அவகாசம் தரவேண்டியிருப்பதால்தான் ஒன்றிரண்டு நொடி பொறுத்துப் பார்க்கிறது. ஆக, தங்கள் மானிட்டரில் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்குகிறது, குழல்கள் எரிகின்றன, அதன்பிறகு ஏதோ ஒன்று குறைகிறது என்பதால் பாதுகாப்புச் சுற்று தன் கடமையைச் செய்கிறது. முதல் நொடியிலிருந்தே இருட்டாக இருந்திருந்தால் ஃபியூஸ், இன்வெர்ட்டரில் சுவிட்சாக இயங்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர், அல்லது மெயின் போர்டிலிருந்து வரவேண்டிய பேக்லைட் ஆன் சிக்னல் என்று வேறு திசையில் தேட வேண்டியிருந்திருக்கும்.

பிரிப்பதற்குமுன் ஒரு வேண்டுகோள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டிலுள்ள, மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 325 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கினால் வரும் உச்ச அளவு அது. உயிருக்கு ஆபத்தானது. 400 அல்லது 450 வோல்ட் என்று மேலே அச்சிட்டிருக்கும் அந்தக் கெப்பாசிட்டரின் இரு கால்களுக்கும் குறுக்கே, நன்கு காப்பிடப்பட்ட வயர்களில் பொருத்திய 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பத்து நொடி வைத்துப் பிடித்து, பிறகு மீட்டரால் அளந்து, சில வோல்ட்டுகளே மிச்சம் என்று கண்ணால் பார்த்தபின்னரே கையை உள்ளே விட வேண்டும். ஸ்குரூடிரைவரால் இரு கால்களையும் உரசிப் பொறி பறக்க வைக்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் உண்டு. அதைப் பின்பற்ற வேண்டாம். மின்சாரம் உள்ள போர்டில் வேலை செய்து பழக்கமில்லாதவர்கள் இந்த இடத்திலேயே நின்று, பழக்கமுள்ளவரிடம் ஒப்படைத்துவிடுவதுதான் முறை.

அக்கால மானிட்டர்களில் இந்த அறிகுறிக்கு நான் முதலில் சந்தேகிப்பது குழல்களை அல்ல, பவர் போர்டில் குறைந்த வோல்ட் வெளிவரும் பக்கத்தில் வரிசையாக நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களை. பொதுவாக 470 அல்லது 1,000 மைக்ரோஃபாரட், 16 அல்லது 25 வோல்ட் என்ற அளவுகளில் இருக்கும். 2000-களின் முற்பகுதியில் தரமற்ற எலெக்ட்ரோலைட் கொண்ட கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, மதர்போர்டுகளையும் மானிட்டர்களையும் பெருமளவில் பழுதாக்கியது தெரிந்த செய்தியே. தலைப்பகுதி தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ ஐயமே வேண்டாம். ஆனால் உப்பாத கெப்பாசிட்டரும் உள்ளே உலர்ந்து கெட்டிருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல், மானிட்டரை இயக்கி, இன்வெர்ட்டருக்குச் செல்லும் வோல்டேஜை அளந்து பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையை உலோகச் சட்டத்தில் வைத்து, சிவப்பு முனையை 12 முதல் 16 வோல்ட் வரவேண்டிய இடத்தில் வைக்க வேண்டும். குழல்கள் எரியத் தொடங்கும் கணத்தில் அது 9 வோல்ட், 8 வோல்ட் என்று சரிந்தால், சுமையைத் தாங்க முடியாத கெப்பாசிட்டர்கள்தாம் காரணம். சரியாமல் நிலையாக நின்றால் கெப்பாசிட்டர்களை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குச் செல்லலாம்.

மாற்றும்போது 105 டிகிரி என்று குறிக்கப்பட்ட, லோ இ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்த) வகையையே கேட்டு வாங்குங்கள். மைக்ரோஃபாரட் அளவு அதேதாக இருக்க வேண்டும், வோல்ட் அளவு அதேதாகவோ ஒரு படி கூடுதலாகவோ இருக்கலாம். சாதாரண 85 டிகிரி வகையைப் போட்டாலும் மானிட்டர் எரியும். ஆனால் வெப்பம் 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கையாளும் கணக்கு. மூடிய பெட்டிக்குள் நம் ஊர் வெயிலில் அது நெடுநாள் தாங்காது. சென்னை ரிச்சி தெருவில் இவை சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பழைய போர்டிலிருந்து கழற்றியதைப் புதிது போலத் துடைத்துத் தருபவர்களும் உண்டு என்பதால், கால்கள் நீளமாகவும் ஈயம் படாமலும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். எதிர்முனைக் கோடு எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கழற்றுவதற்குமுன் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

வோல்டேஜ் சரிந்திராவிட்டால் இன்வெர்ட்டர் டிரான்ஸ்ஃபார்மர்களுக்கு வருவோம். முதலில் அவற்றின் கால்களைச் சுற்றி ஈயத்தில் மெல்லிய வளையம் போல வெடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். சூடேறிக் குளிர்ந்து பல ஆண்டு கழிந்த போர்டில் இது சர்வசாதாரணம், மறுபடி சால்டர் வைத்தாலே போதும். பிறகு, மின்சாரம் இல்லாத நிலையில், ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மரின் உயர்மின்னழுத்தக் கம்பிச் சுருளின் ஓம் அளவை எடுங்கள். சில நூறு ஓமிலிருந்து ஓர் ஆயிரத்துக்குச் சற்று மேல்வரை எதுவாகவும் இருக்கலாம். அளவு எவ்வளவு என்பதைவிட, ஒரே வகை டிரான்ஸ்ஃபார்மர்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒன்று 900 காட்டி மற்றொன்று 600 காட்டினால், குறைவாகக் காட்டுவதில் சுற்றுகள் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது.

குழல்தான் காரணமா என்று அறிய, நல்ல நிலையில் உள்ள வேறொரு சி.சி.எஃப்.எல். குழலை நான்கு இணைப்புகளில் ஒவ்வொன்றாக மாற்றிச் செருகிப் பார்ப்பதே நம்பகமான முறை. எந்த இணைப்பில் மாற்றும்போது மானிட்டர் நின்று எரிகிறதோ, அந்த இணைப்பின் குழல் கெட்டிருக்கிறது. செருகுவதும் கழற்றுவதும் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே நடக்க வேண்டும். எரியும்போது இணைப்பு முனைகளைத் தொடுவதோ, சாதாரண மல்டிமீட்டரை அங்கே வைப்பதோ கூடாது. அந்த அழுத்தமும் அதிர்வெண்ணும் மீட்டரையும் கெடுக்கும், கையையும் சுடும்.

பாதுகாப்பு ஐ.சி.யின் ஒரு காலைத் துண்டித்துவிட்டால் திரை அணையாமல் எரியும் என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். உண்மைதான், எரியும். ஆனால் எதைத் தடுக்க அந்தச் சுற்று வைக்கப்பட்டதோ, அந்தத் தீ விபத்துக்கு வழி திறந்துவிடுகிறோம். ஆளில்லாத அறையிலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கருவியில் இதைச் செய்யவே கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

கேள்வி: என்னுடைய 22 அங்குல எல்.இ.டி. மானிட்டர் அரை மணி நேரம் நன்றாக ஓடியபின் ஓரிரு முறை சிமிட்டி அணைந்துவிடுகிறது. ஆறவைத்துப் போட்டால் மீண்டும் வருகிறது. வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்தால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குகிறது. மல்டிமீட்டர் இருக்கிறது. எங்கே தொடங்குவது?
பொறியியல் மாணவி, திருநெல்வேலி

பதில்: வெளிச்சத்தைக் குறைத்தால் கூடுதல் நேரம் தாங்குகிறது என்று கவனித்து எழுதியிருக்கிறீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது. வெப்பத்தால் விட்டுப்போகும் தொடர்பு எங்கோ இருக்கிறது. அது எல்.இ.டி. பட்டையிலா, அதை ஓட்டும் டிரைவர் பகுதியிலா என்பதைத்தான் இப்போது பிரித்தறிய வேண்டும்.

வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கு ஏறத்தாழ 3 வோல்ட் தேவை. மானிட்டரின் கீழ் விளிம்பில் இருக்கும் பட்டையில் பத்துப் பன்னிரண்டு எல்.இ.டி.க்களைத் தொடராக இணைத்து ஒரு சரமாக்கி, அப்படிப்பட்ட சில சரங்களை இணையாக வைத்திருப்பார்கள். ஆகவே, பன்னிரண்டு கொண்ட சரத்துக்கு 36 வோல்ட் அளவுக்கு வேண்டும். பவர் போர்டு தரும் 12 அல்லது 19 வோல்ட்டை அந்த அளவுக்கு உயர்த்துவது காயில், மாஸ்ஃபெட், டயோடு, கெப்பாசிட்டர் ஆகியவை கொண்ட பூஸ்ட் சுற்று. பட்டைக்குச் செல்லும் கனெக்டரில் ஒன்றிரண்டு பின்கள் எல்லாச் சரங்களுக்கும் பொதுவான நேர்முனையாகவும், மீதமுள்ளவை ஒவ்வொரு சரத்தின் எதிர்முனையாகவும் இருக்கும்.

மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பொதுப் பின்னின் வோல்டேஜைக் குறித்துக்கொள்ளுங்கள். அணையும் தறுவாயில் அது ஏறுகிறதா, இறங்குகிறதா என்பதே கேள்வி. மீட்டரில் உச்ச அளவைப் பிடித்துவைக்கும் மேக்ஸ் வசதி இருந்தால் பயன்படுத்துங்கள். அந்தத் தாவல் கண் இமைக்கும் நேரத்தில் நிகழ்ந்துவிடும். அணைவதற்குமுன் வோல்டேஜ் இயல்பைவிட ஏறினால், ஏதோ ஒரு சரம் அறுபட, அதில் மின்னோட்டத்தைக் கொண்டுவர டிரைவர் அழுத்தத்தை உயர்த்திப் பார்த்துக் கைவிடுகிறது என்று கொள்ளலாம். எதிர்முனைப் பின்களையும் தரையோடு (கிரவுண்ட்) ஒப்பிட்டு அளந்தால் எந்தச் சரம் என்பதும் தெரிந்துவிடும்: நலமான சரங்களின் பின்கள் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டும், அறுபட்ட சரத்தின் பின் மட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். ஏறாமல் படிப்படியாக இறங்கினால் பட்டை குற்றமற்றது. காயில், டயோடு ஆகியவற்றின் ஈயப்பற்றையும், பூஸ்ட் சுற்றின் வெளியீட்டுக் கெப்பாசிட்டரையும் சோதியுங்கள். அணைந்த பிறகு பவர் போர்டு தரும் அதே 12 அல்லது 19 வோல்ட்டிலேயே நின்றால் பூஸ்ட் சுற்று ஓடவில்லை. பேக்லைட்டை இயக்கும் எனேபிள் சிக்னல் அப்போதும் வருகிறதா என்று மெயின் போர்டு கேபிளில் பாருங்கள், 3.3 அல்லது 5 வோல்ட் இருக்க வேண்டும்.

பட்டையில்தான் கோளாறு என்றால் பேனலைத் திறந்தாக வேண்டும். இந்த வேலையிலேயே மிகக் கடினமான பகுதி அதுதான். கண்ணாடியின் விளிம்பில் பிளாஸ்டிக் ஃபிலிம் போலத் தொங்கும் டிரைவர் இணைப்புகள் மடிந்தாலோ கிழிந்தாலோ பேனலை மீட்க முடியாது. உள்ளிருக்கும், ஒளியைப் பரவச்செய்யும் தாள்களின் வரிசையும் திசையும் மாறக் கூடாது; கைரேகையும் தூசியும் பட்டால் வாழ்நாள் முழுக்கப் புள்ளியாகத் தெரியும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துடைத்த மேசையில், கையுறையோடு செய்ய வேண்டிய வேலை இது. மாற்றுப் பட்டை வாங்கும்போது மானிட்டரின் மாடல் எண்ணைச் சொல்லாமல், பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் பேனல் எண்ணைச் சொல்லுங்கள். ஒரே மாடல் மானிட்டரில் வெவ்வேறு பேனல்கள் வந்திருக்கும்.

கெட்ட ஒரே ஓர் எல்.இ.டி.யை மட்டும் குறுக்கே கம்பி வைத்துக் கடத்திவிடுவது பழுதுபார்ப்போர் சிலர் கையாளும் முறை. ஒன்று என்றால் பல டிரைவர்கள் பொறுத்துக்கொள்ளும். சில, சரத்தில் ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு அணைத்துவிடும். தற்காலிகத் தேவைக்கு என்றால் சரி. பேனலைத் திறக்கும் சிரமத்தை ஒருமுறை எடுத்துக்கொண்டபின் முழுப் பட்டையையும் மாற்றிவிடுவதே மேல். அதுவரை 30 சதவீத வெளிச்சத்தில் ஓட்டுங்கள், பட்டைக்கு அதனால் நன்மையே.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் குழல் பேக்லைட் கொண்ட பழைய மானிட்டர்கள் சில இருக்கின்றன. அவற்றை எல்.இ.டி.க்கு மாற்றும் கிட் இணையத்தில் விற்கிறார்கள். மாற்றலாமா?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குழல் தேய்ந்து மங்கிய மானிட்டருக்கு அது நல்ல தீர்வு, கெப்பாசிட்டர் மட்டும் கெட்ட மானிட்டருக்குத் தேவையற்ற செலவு. அதனால் முதலில் மேலே சொன்ன சோதனைகள். இயக்கியதும் திரை இளஞ்சிவப்பாகத் தொடங்கி மெல்ல வெண்மையாவதும், குழலின் முனைகள் கறுத்திருப்பதும் தேய்மானத்தின் அடையாளங்கள். கிட்டில் வரும் பட்டையின் அகலம், குழல் இருந்த உலோகப் பள்ளத்துக்குள் அடங்குமா என்பதை வாங்குமுன் அளந்து பாருங்கள். பெரும்பாலான பட்டைகளை மூன்று எல்.இ.டி.க்களுக்கு ஒரு முறை வரும் குறியில் மட்டுமே வெட்டலாம். கிட்டின் சிறிய டிரைவர் போர்டுக்கு நான்கு இணைப்புகள் போதும்: மின்சாரம், தரை, ஆன் சிக்னல், வெளிச்சக் கட்டுப்பாடு. கடைசி இரண்டையும் மெயின் போர்டிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்காமல் நேரடியாக மின்சாரத்தில் இணைத்துவிட்டால் கணினி உறங்கும்போதும் பேக்லைட் எரிந்துகொண்டிருக்கும். சில மானிட்டர்களில் வெளிச்சக் கட்டுப்பாடு தலைகீழாக இயங்கும் என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இன்வெர்ட்டரின் ஃபியூஸை எடுத்துவிட்டால் அது வெறுமனே உயர் அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டிருக்காது. நிறம் முன்புபோல் இராது, சற்று நீலம் தூக்கலாக இருக்கும். கணக்கு எழுத அது தடையில்லை, அச்சு வடிவமைப்புக்கு ஏற்றதல்ல.

கழற்றிய குழல்களைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் பாதரசம் இருக்கிறது. 500 மில்லிமீட்டர் வரை நீளமுள்ள குழலுக்கு 3.5 மில்லிகிராம் என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக நாடுகளின் மினமாட்டா உடன்படிக்கை வரம்பு வைத்ததே அதன் நச்சுத்தன்மை கருதித்தான். பழைய தாளில் சுற்றி, உடையாமல் பெட்டியில் வைத்து, பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர்ப்பியுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளும் அதையே கோருகின்றன. குழல் உடைந்துவிட்டால் சன்னல்களைத் திறந்துவிட்டு அறையைவிட்டுச் சற்றுநேரம் வெளியேறி, பிறகு ஈரத்தாளால் துண்டுகளை எடுங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ பாதரசத்தைப் பரப்பிவிடும்.

கேள்வி: லேப்டாப்பின் உடைந்த திரையை நானே மாற்றினேன். டார்ச் அடித்தால் படம் தெரிகிறது, வெளிச்சம் இல்லை. புதிய திரையும் பழுதானதா?
வாசகர், மதுரை

பதில்: திரையைவிட, மதர்போர்டில் டிஸ்பிளே கனெக்டருக்கு அருகிலுள்ள மிகச் சிறிய பேக்லைட் ஃபியூஸ் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். பேட்டரியைக் கழற்றாமல் திரைக் கேபிளைச் செருகினால், கனெக்டர் இம்மியளவு சாய்ந்தாலும் பேக்லைட்டுக்கான மின்சாரம் பக்கத்துப் பின்னில் பாய்ந்து அந்த ஃபியூஸ் எரிந்துவிடும். கழற்றி வெளியே எடுக்க முடியாதபடி பேட்டரி உள்ளேயே இருக்கும் லேப்டாப் என்றால், அடிமூடியைத் திறந்து பேட்டரிக் கனெக்டரைப் பிடுங்கிவிட்டுத்தான் திரையைத் தொட வேண்டும். ஃபியூஸின் இரு முனைகளுக்கும் இடையே மீட்டர் தொடர்ச்சியைக் காட்டவில்லையென்றால், அதே ஆம்பியர் அளவுள்ள புதியதை வைக்கச் சொல்லுங்கள். வெறும் ஈயத்தால் இணைத்துவிட வேண்டாம். ஃபியூஸ் நலமாக இருந்தால், கீல் வழியாக வளைந்து செல்லும் கேபிளை முழு நீளத்துக்கும் சோதியுங்கள்; மூடித் திறந்து தேய்ந்து, அந்த வளைவில் அறுபட்டிருக்கக்கூடும். அதுவும் நலமென்றால், கடைக்காரரிடம் அதே பேனல் எண்ணுள்ள வேறொரு திரையை ஒருமுறை இணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகு.